ஆயிரத்தின் கணக்கு

நெல்லைச் சீமையில் முக்கூடலிலிருந்து ஆலங்குளம், கடையம் வரை விரிந்துகிடக்கும் ஊர்களில், சுளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்களுக்குக் கூலி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றே கணக்கிடப்படுகிறது. என் அம்மா பாவாடை கட்டிய வயதில் அந்த வேலைக்கு உட்கார்ந்தவர். இரவில் இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பதும், அளவுத் தகரத்தை இலையின்மேல் வைத்துக் கத்தரிப்பதும், துண்டு இலையை இடது உள்ளங்கையில் ஏந்தி வலது கையால் தூளைத் தூவிப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உருட்டி நூல் கட்டுவதும், பிறகு 25 பீடியை ஒரு கட்டாகச் சேர்ப்பதும் அவர் கண்ணை எடுத்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடக்கும். அந்தக் கையும், அந்தக் கணக்கைச் சொல்லிவந்த நாவும் ஒரே இரவில் நின்றுபோனபின், அவற்றை மீட்பதற்காக நாங்கள் நுழைந்த மறுவாழ்வுப் பயிற்சியும் ஆயிரத்தின் கணக்கிலேயே நடந்தது. பக்கவாதத்திற்குப் பிறகு ஒருவர் தேறுவதற்கு எத்தனை மணி நேர உழைப்பு வேண்டும், அந்த நேரத்தைக் கற்றறிந்த ஒருவர் கூட இருந்து நடத்தித்தருவது எவ்வளவு முக்கியம் என்பதை எங்கள் பக்கத்து வீடுகள் அறிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் உறக்கத்தில் வந்தது. விடிந்து எழ முயன்றபோது வலது பக்கம் அசையவில்லை. வாய் ஒருபுறம் இழுத்திருந்தது. கூப்பிட்டதற்குக் குரல் வந்ததே தவிரச் சொல் வரவில்லை. 108 வண்டியில் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சி.டி. ஸ்கேனில் மூளையின் இடப்பக்கத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் அடைப்பு என்று தெரிந்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த நேரம், நோயாளி நன்றாக இருந்ததைக் கடைசியாக யாரேனும் பார்த்த கணத்திலிருந்து எண்ணப்படுகிறது. அம்மாவைப் பொறுத்தவரை அது முந்தைய இரவில் விளக்கணைத்த நேரம். பக்கவாத நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இப்படி உறக்கத்திலேயே வருகிறது என்று பிறகு படித்தேன். அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாக 2006-இல் ஒரு நரம்பியல் மருத்துவர் கணக்கிட்டு எழுதியிருக்கிறார். பகலில் விழித்திருக்கும்போது முகம் கோணினாலோ, கை தாழ்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு நொடியும் தாமதியாமல் சி.டி. ஸ்கேன் உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போய்விடுங்கள் என்று இதைப் படிக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. பக்கவாதத்துக்கான காரணங்களில் முதலிடம் அதற்குத்தான்.

முதல் வாரத்தின் பெரும் பாடு விழுங்குவதில் இருந்தது. விழுங்கும் தசைகள் தளர்ந்தவருக்குச் சோற்றைவிடத் தண்ணீரே ஆபத்தானது. தண்ணீர் வேகமாக ஓடித் தொண்டையில் தடம் மாறி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவைக் கொண்டுவந்துவிடும். மூக்கு வழியாக உணவு செலுத்திய குழாயை எடுத்தபிறகு கெட்டியான கஞ்சியிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். நேராக நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சிறு கரண்டியால் ஒவ்வொரு வாயாகக் கொடுத்து, முந்தையது இறங்கியதா என்று பார்த்து, உண்ட பின்னும் அரை மணி நேரமாவது படுக்க விடாமல் வைத்திருக்க வேண்டும். நலம் கேட்க வந்தவர்கள் அனைவரும் அன்போடு ஒரு மடக்கு இளநீர் கொடுக்க முனைந்தார்கள். அதைத் தடுப்பதே என் மதினியின் முழுநேர வேலையாக இருந்தது. அதே அன்போடுதான் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்கவும் வருவார்கள். தசை தளர்ந்த தோளின் மூட்டைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இருப்பதில்லை. அந்தக் கையைப் பற்றி இழுத்தால் மூட்டு நழுவும், அதனால் வரும் வலி பல மாதங்களுக்குப் பயிற்சியையே முடக்கிப்போடும். முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து, இடுப்பைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். புறா இரத்தம் தேய்த்தால் சரியாகும் என்று சொன்னவர்களும் உண்டு. சொன்னவர்களின் பரிவை நான் மதிக்கிறேன். ஆனால் இறந்த நரம்பணுக்களின் வேலையை மூளையின் வேறு பகுதிகளுக்குக் கற்றுக்கொடுப்பது தோலின்மேல் பூசும் எதனாலும் ஆகாது.

அந்தக் கற்றுக்கொடுத்தல் எப்படி நடக்கிறது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மூளை தன் இணைப்புகளை மாற்றி அமைத்துக்கொள்ளும் திறன் பக்கவாதத்துக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்களில் மிகுதியாக இருக்கிறது. பிறகும் அது நின்றுபோவதில்லை, மெதுவாகிறது. அதைத் தூண்டுவது, ஒரே அசைவை, பயனுள்ள ஒரு வேலைக்காக, கவனத்தோடு மீண்டும் மீண்டும் செய்வது. விலங்குகளில் நடந்த சோதனைகளில் நாளொன்றுக்கு நானூறு, அறுநூறு முறை கையை நீட்டி எடுத்தபோதுதான் மூளையில் மாற்றம் தெரிந்தது. ஆனால் 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அங்கே வழக்கமான ஒரு பயிற்சி வேளையில் நோயாளிகள் பலவீனமான கையால் வேலை சார்ந்த அசைவுகளைச் சராசரியாக 32 முறையே செய்கிறார்கள் என்று எண்ணிக் காட்டியது. வசதி மிகுந்த மையங்களின் நிலையே அது என்றால், வாரத்தில் ஓரிரு நாள் பஸ் ஏறிப் போய், வரிசையில் காத்திருந்து, அரை மணி நேரம் கையை நீட்டி மடக்கிவிட்டு வரும் ஒருவருக்குக் கிடைப்பது எவ்வளவு சொற்பம் என்பதை விளக்க வேண்டியதில்லை. பயிற்சியின் தரத்தைப் பற்றிப் பேசுகிறோம்; எண்ணிக்கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எண்ணிக்கை குறைந்தால் தரமான பயிற்சியும் பலன் தராது என்றே நான் கருதுகிறேன்.

எங்களுக்கு வாய்த்த பிசியோ ஓர் இளம்பெண். நெல்லையில் ஒரு சிறிய மறுவாழ்வு மையத்தில் பணிபுரிந்த அவர், மூன்றாவது சந்திப்பில் அம்மாவின் நோய்க் குறிப்பை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அம்மா என்ன வேலை பாத்தாவ?" என்று கேட்டார். பீடி என்றேன். அடுத்த முறை வரும்போது சுளவு, கத்தரி, தகரம் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். புகையிலைத் தூளை மட்டும் வேண்டாம் என்றார். அதற்குப் பதிலாகத் தவிடு.

ஆனால் உடனே பீடி சுற்ற வைத்துவிடவில்லை. தொடக்கத்தில் அம்மாவின் கை துணியைப் போலத் துவண்டு கிடந்தது. அப்போது கண்ணாடிப் பயிற்சி நடந்தது. மேசைமேல் ஒரு கண்ணாடியை நிறுத்தி, வலது கையை அதன் பின்னால் மறைத்து, இடது கையை அசைக்கச் சொல்வார். கண்ணாடியில் தெரியும் பிம்பம் வலது கை அசைவதாகக் கண்ணுக்குக் காட்டும். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் வலி உணர்ந்தவர்களுக்காக 1990-களில் கையாண்ட முறை இது. 1999-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் பக்கவாத நோயாளிகளிடம் அதைப் பயன்படுத்திய ஆய்வை வெளியிட்டார்கள். சில வாரங்களில் அம்மாவின் தோளும் முழங்கையும் அசையத் தொடங்கின. அதன் பின் கையின் துவட்சி போய் இறுக்கம் வந்தது. விரல்கள் உள்நோக்கி மடங்கிக்கொண்டன. மூடுவது எளிதாகவும் திறப்பது பெரும்பாடாகவும் இருந்தது. பலரும் இந்த நிலையில் ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்கிறார்கள். ஏற்கெனவே மூடிக்கொண்டிருக்கும் கைக்கு மூடக் கற்றுக்கொடுப்பதால் என்ன பயன் என்று அந்தப் பெண் கேட்டது எனக்கு மிகச் சரியாகப் பட்டது. அவர் கேட்டது விடுவிக்கும் அசைவை. ஒரு சிட்டிகை தவிட்டை எடுப்பது பாதி வேலை. அதை இலையின்மேல் விரல் பிரித்துத் தூவுவதே முழு வேலை.

ஆகவே பீடி சுற்றும் தொழில் அசைவு அசைவாகப் பிரிக்கப்பட்டது. முதலில் தவிட்டை எடுத்துத் தூவுவது மட்டும். அதற்கு வலது கை ஒன்றே போதும் என்பதால், இடது கைக்குத் தடித்த துணியுறை மாட்டிவிடுவார். நல்ல கையைக் கட்டிவைத்து நலிந்த கையை வேலை செய்ய வைக்கும் இந்த முறையை அமெரிக்காவில் 222 நோயாளிகளிடம் சோதித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்; இரண்டு வாரம் தீவிரமாகப் பயிற்சி செய்தவர்களின் கை, ஓராண்டுக்குப் பிறகும் மற்றவர்களின் கையைவிட நன்றாக இயங்கியது. ஆனால் இந்த முறை எல்லாருக்கும் பொருந்தாது. மணிக்கட்டும் விரல்களும் சிறிதளவேனும் தாமாக நிமிர வேண்டும். அம்மாவுக்கு அந்த அளவு வந்தபின்தான் உறை மாட்டப்பட்டது. பிறகு உறையைக் கழற்றி, இரு கைகளும் சேர்ந்து செய்யும் வேலை: தடித்த அட்டையை உருட்டுவது, அடுத்துத் தாள், கடைசியாக இலை. இலை எளிதில் கிழியும் என்பதால் விரலின் அழுத்தம் எவ்வளவு என்பதை அதுவே உடனுக்குடன் சொல்லிவிடும். எந்தக் கருவியும் அவ்வளவு நுட்பமாகச் சொல்லியிருக்காது.

நான் வியந்தது அம்மாவின் பொறுமையை. அந்த மையத்துக்கு வந்த மற்றவர்கள் பத்து முறை செய்ததும் சலித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மரக்கட்டையை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றுவதில் யாருக்கும் மனம் ஒட்டாது. அம்மாவோ சுளவை மடியில் வைத்துவிட்டால் தலை நிமிர மாட்டார். நூறு தூவல் என்றால் இருநூறு. ஆயிரத்தை முடித்தால்தான் கூலி என்று வாழ்ந்த உடல் அது. எங்கள் பெண்களின் கழுத்தையும் முதுகையும் கண்ணையும் தேய்த்த அந்தக் கொடிய கூலி முறையை நான் ஒருபோதும் போற்ற மாட்டேன். ஆனாலும் அந்த உழைப்பால் அவருக்குள் ஊறிய விடாப்பிடி அவருடைய சொத்து. அதை அடையாளம் கண்டு பயன்படுத்திய அந்த இளம்பெண்ணின் அறிவுக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். நெசவு செய்தவருக்கு நாடாவையும், சமையல் செய்தவருக்குக் கரண்டியையும், வயலில் நின்றவருக்கு நாற்று முடியையும் கையில் கொடுத்துப் பயிற்சி தர முடியும். நோயாளியிடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்கச் செலவு ஏதுமில்லை.

பேச்சின் கதை வேறு. 1861-இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர், மூளையின் இடப்பக்க முன்பகுதி சேதமுற்றால் பேச்சு போய்விடுகிறது என்று எடுத்துக்காட்டினார். கேட்பது பெரும்பாலும் விளங்கும், சொல்ல வேண்டியது மனத்திலும் இருக்கும், சொல் மட்டும் வராது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பேச்சு ஏதோவொரு வகையில் பாதிக்கப்படுகிறது. அம்மாவுக்கு எஞ்சியது "இங்கன" என்ற ஒரே சொல். பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், வந்தவரை உட்காரச் சொல்வதற்கும் அதுதான். வந்தவர்களோ அவருக்குக் காது கேட்கவில்லை என்பதுபோல் உரக்கப் பேசினார்கள், இல்லையென்றால் அவர் அங்கே இல்லாததுபோல் எங்களிடம், "ஆள் தெரியுதா அவியளுக்கு?" என்று கேட்டார்கள். அப்போதெல்லாம் அம்மாவின் கண் நிறைந்துவிடும். பக்கவாதத்துக்குப் பின் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்கு மருந்தும் உண்டு, மருத்துவரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டியதும் இல்லை. ஆனால் அதில் ஒரு பகுதியையாவது, படுத்திருப்பவரின் முகத்தைப் பார்த்து, மெதுவாக, சிறு சிறு வாக்கியங்களாகப் பேசுவதன் மூலம் தடுக்கலாம். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். நீங்களே சொல்லை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தப் பூட்டைத் திறந்ததும் பீடிதான். பழகிப்போன வரிசைகள் - எண்கள், கிழமைகள், வழிபாட்டுப் பாடல்கள் - மற்ற சொற்கள் போனபிறகும் பலரிடம் தங்கியிருக்கும். ஒருநாள் தவிடு தூவிய தாள்களைக் கட்டாகச் சேர்த்துக்கொண்டிருந்தபோது அம்மா தன்னையறியாமல் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று முணுமுணுத்து, இருபத்தஞ்சு வரை தடங்கலின்றிப் போய் நின்றார். வாழ்நாள் முழுவதும் அங்கேதான் நிறுத்தியிருக்கிறார். பேச்சுப் பயிற்சியாளரிடம் இதைச் சொன்னதும் அவர் அந்த வரிசையையே ஏணியாக்கிக்கொண்டார். எத்தனை இட்லி வேண்டும் என்று கேட்டால், அம்மா ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு போய் மூன்றில் நிற்பார். பிறகு ஒன்றையும் இரண்டையும் மனத்துக்குள் எண்ணி மூன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லப் பழக்கினார். அவ்வாறே கிழமைகளும். அடுத்து, நாங்கள் தொடங்கி அவர் முடிக்கும் வாக்கியங்கள்: "ஆத்துக்குப் போய்..." என்று நிறுத்தினால் "குளிக்கணும்" என்று அவர் முடிப்பார். வாக்கியத்தின் தொடக்கம் தானாக வர மேலும் நெடுங்காலம் ஆயிற்று. இதற்கிடையில், எந்தப் பயிற்சியும் இல்லாமல், அடுப்பில் பால் பொங்கியபோது "ஏட்டி!" என்று என்னை அதட்டிக் கூப்பிட்டார். உணர்ச்சி பொங்கும்போது வரும் சொற்களும் இப்படித் தப்பிப் பிழைத்திருக்கும் என்று பேச்சுப் பயிற்சியாளர் விளக்கினார்.

இவை யாவும் வீட்டில் நடந்தவை போலத் தோன்றினாலும், ஒவ்வொன்றின் பின்னாலும் படித்துப் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தார். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் பிசியோ இல்லாமலே சமாளித்துவிடலாமா என்ற கேள்வியை இந்தியாவிலேயே பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். 14 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1250 நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வு 2017-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. குடும்பத்தினருக்குப் பயிற்சி தந்து அனுப்பியதால், ஆறு மாதத்துக்குப் பின் இறப்போ பிறரைச் சார்ந்திருக்கும் நிலையோ குறையவில்லை. மருமகளும் மகளும் எவ்வளவு அன்போடு செய்தாலும், எந்த அசைவை எப்போது கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்ற தேர்ச்சி அன்பினால் வந்துவிடுவதில்லை. குடும்பம் எண்ணிக்கையைச் சேர்க்கலாம். திசையைக் காட்டத் தேர்ந்தவர் வேண்டும். இந்த முடிவைப் படித்தபோது, வீட்டுப் பெண்களின் தலையில் சுமத்திவிட்டு விலகிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு எதிரான சான்றாகவே அதை எடுத்துக்கொண்டேன்.

நம் பக்கத்தில் இதற்கான முன்மாதிரி இல்லாமல் இல்லை. கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975-இல் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், சொந்த ஊரான ஆய்க்குடிக்குத் திரும்பி 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கும் சிற்றூர்களுக்கு நடுவிலிருந்தே மறுவாழ்வுப் பயிற்சி அளித்துவருகிறது; 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்தக் கொதிப்பு மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. பக்கவாதத்துக்குப் பின் வரும் முதல் மூன்று மாதத்துக்கு மட்டுமாவது அந்த வருகை அன்றாட வருகையாகவும், பேச்சுப் பயிற்சியாளரும் அதில் ஒருவராகவும் அமைந்தால், பஸ் ஏற முடியாததாலேயே பயிற்சியைக் கைவிட்ட எத்தனையோ பேர் எழுந்து நடமாடுவார்கள். பீடித் தொழிலாளர்களுக்கென 1976-இல் நல நிதிச் சட்டம் வந்தது. முக்கூடலில் அவர்களுக்கென மருத்துவமனையும் ஏற்பட்டது. கையையே முதலாகக் கொண்ட தொழிலாளிக்குக் கையை மீட்கும் பயிற்சியும் அந்த நலத்தின் ஒரு பகுதி என்று எண்ணுவதே முறை.

அம்மா இப்போது வலது கையால் சோறு பிசைகிறார், சேலையின் மடிப்பைப் பிடித்துக்கொள்கிறார், இலையை உருட்டுகிறார். நூல் கட்டும் முடிச்சு இன்னும் வரவில்லை. பேச்சு மூன்று நான்கு சொல் வாக்கியங்களாக வருகிறது. ஆட்களின் பெயர்கள் தடுமாறுகின்றன. முன்பாதம் தொங்காமலிருக்கக் கணுக்காலுக்குப் பட்டை மாட்டி, நாலுகால் ஊன்றுகோலோடு தெருமுனை வரை போய் வருகிறார். அடுத்ததாக அவர் கேட்டிருப்பது முக்கூடல் பஸ்ஸில் தானாக ஏறுவதை. அதற்காகத் திண்ணைப் படியில் காலையிலும் மாலையிலும் பயிற்சி நடக்கிறது: ஏறும்போது நல்ல காலான இடது கால் முதலில், இறங்கும்போது நலிந்த வலது கால் முதலில். பஸ் படி அதைவிட உயரம் என்பதால், அண்ணன் திண்ணைப் படியின்மேல் ஒரு பலகையை அடித்துக் கொடுத்திருக்கிறான். அம்மா அதையும் இருபத்தைந்து இருபத்தைந்தாகவே எண்ணுகிறார்.